வெளிச்சம் நடத்துபவர் பொறுப்பு

மூன்று மணிக்கு ஆட்டத்தைத் தொடங்கினால் மைதானத்தில் இரண்டு அணிகளையும் நடுவரையும் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள் என்று கல்லூரிச் செயலர் மதன்குமார் சொன்னபோது, உடற்கல்வி இயக்குநர் சாராளால் அதை மறுக்க முடியவில்லை. சென்ற ஆண்டு அப்படித்தான் நடந்தது. பெண்கள் கால்பந்து மண்டல அரையிறுதியை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வைத்தார்கள். விடுதிச் சமையற்காரர்களையும் சேர்த்து நாற்பது பேர் பார்த்தார்கள். எல்லைக்கோட்டைச் சுற்றி விளம்பரத் தட்டி கட்டியிருந்த உரக்கடைக்காரரும் ஏலக்காய் வியாபாரியும் கல்யாண மண்டபக்காரரும், தங்கள் பெயர்களை மாடுகளுக்குக் காட்டுவதற்காகத் தாங்கள் பணம் கொடுக்கவில்லை என்று பிறகு செயலரிடம் சொன்னார்கள். மைதானத்தின் தெற்கு ஓரத்தில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தது உண்மைதான்.

அந்த அரையிறுதியில் சாராளின் அணி தோற்றது. தோல்வியைப் பற்றி மதன்குமார் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாடுகளைப் பற்றி மூன்று முறை சொன்னார்.

அவர் கெட்டவர் அல்லர். தந்தை கம்பம் சாலையில் தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய கல்லூரியில், ஆண்டுதோறும் கூடிவரும் காலி இருக்கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கால்பந்து அணியில் ஆறு பெண்களுக்கு விடுதியும் படிப்பும் இலவசம். அந்த இலவசத்தை நிர்வாகக் குழுவின் முன் ஒவ்வோர் ஆண்டும் நியாயப்படுத்தவேண்டியவர் அவர்தான். இந்த ஆண்டு அணி இறுதிப்போட்டிக்கு வந்துவிட்டது. ஆட்டமும் சொந்த மைதானத்தில் அமைந்துவிட்டது. இரண்டும் ஒருசேர வாய்ப்பது அரிது என்பதை அவர் சாராளைவிட முன்னதாகவே கணக்கிட்டிருந்தார்.

“ஜெயிக்கிறது ஒங்க வேல மேடம். ஆளக் கூட்டியாறது எம் வேல,” என்றார். “ஆளு இல்லாம ஜெயிச்சீகன்னா, அடுத்த வருஷம் ஜெயிக்கிறதுக்கு டீமே இருக்காது.”

மிரட்டும் தொனியில் அவர் இதைச் சொல்லவில்லை. பேருந்து நேரம் சொல்வதுபோலச் சொன்னார்.

அவருடைய திட்டம் எளிமையானது. சனிக்கிழமை தோட்டங்களில் கூலி நாள். கம்பம் பள்ளத்தாக்கின் ஊர்களிலிருந்து விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கி அடைந்துகொண்டு மெட்டு எனும் மலைக் கணவாய் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள், அன்று மட்டும் பிற்பகலிலேயே வேலை முடிந்து இறங்கிவிடுவார்கள். கையில் காசு இருக்கும். வீட்டுக்குப் போக அவசரம் இருக்காது. ஜீப்புகளை ஊருக்குள் விடாமல் நேராக மைதானத்துக்குத் திருப்பினால் போதும். ஓட்டுநர்களுக்கு அனுமதி இலவசம். வண்டியை மைதானத்துக்குள்ளேயே நிறுத்திக்கொள்ளலாம். ஆகவே ஆட்டம் மூன்று மணிக்கு அல்ல, நான்கு மணிக்கு.

சாராள் வெளிச்சத்தைக் கணக்கிட்டார். மேற்கே மலை உயரமாக நிற்பதால் கார்த்திகை மாதத்தில் ஐந்து மணிக்குப் பிறகு சூரியன் பள்ளத்தாக்கைக் கைவிட்டுவிடும். ஆனால் வெளிச்சம் போய்விடாது. எதிரே கிழக்கில் மேகமலைச் சரிவுகள் அந்த வெயிலை இன்னும் நெடுநேரம் வாங்கிக் கீழே திருப்பித் தந்துகொண்டிருக்கும். திராட்சைப் பந்தல்களில் அந்த வெளிச்சத்தில்தான் கடைசிக் கூடைகளை நிரப்புவார்கள். வகுப்புகள் முடிந்தபின் சாராளின் பெண்கள் பயிற்சி எடுப்பதும் அதே வெளிச்சத்தில்தான். சமவெளிக்காரர்கள் இருட்டிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் பள்ளத்தாக்கில் ஒரு பாதி ஆட்டத்தை ஆடி முடிக்கலாம். நான்கு மணிக்குத் தொடங்கினால் ஆறு மணிக்குச் சற்று முன்பு முடியும். போதும்.

“நான்கு மணி. அதற்கு மேல் தாமதிக்க முடியாது,” என்று சாராள் நிபந்தனை விதித்தார். மதன்குமார் உடனே ஒப்புக்கொண்டார்.

நிபந்தனைக்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேறொரு கல்லூரியின் மைதானத்தில் தண்ணீர் தேங்கி ஆட்டம் பாதியில் நின்றது. நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். நாணயம் சாராளின் அணிக்கு எதிராக விழுந்தது. அடுத்த மண்டலக் கூட்டத்தில் அவர் ஒரு விதியை முன்மொழிந்தார். தரை, கோடுகள், வெளிச்சம் ஆகியவை போட்டியை நடத்தும் கல்லூரியின் பொறுப்பு. இவற்றில் ஏதேனும் ஒன்றால் ஆட்டம் கைவிடப்பட்டால் வெற்றி எதிரணிக்கு உரியது. இது கடுமையாக இருக்கிறது என்று சிலர் தயங்கினார்கள். கடுமையாக இருந்தால்தான் கோடு போடுவார்கள் என்று வாதாடி, ஒரு சொல்லையும் மாற்றவிடாமல் அதை நிறைவேற்றினார்.

அணித்தலைவி அனுசுயா மூன்றாம் ஆண்டு வணிகவியல் மாணவி, சுருளிப்பட்டிக்காரி. இடது காலால் அவள் அடிக்கும் பந்து எங்கே வளையும் என்று மூன்று ஆண்டுகளாகப் பார்த்துவரும் சாராளுக்கே தெரியாது. மண்டலத்தில் வெல்லும் அணி அடுத்த கட்டத்துக்குப் போகும். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் வருவார்கள். பல்கலைக்கழக அணியில் ஆடியதற்கான சான்றிதழ் இருந்தால் காவல்துறையில் விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். இந்த வரிசையில் எந்தப் படியையும் தாண்டிக் குதிக்க முடியாது. முதல் இரண்டு ஆண்டுகளும் அரையிறுதியோடு முடிந்தன. இதுதான் கடைசி.

அவளுடைய தந்தை திராட்சைத் தோட்டங்களில் மருந்தடித்து நெஞ்சு கெட்டு வீட்டில் இருந்தார். தாய் கருத்தம்மாள் தோட்ட ஜீப்பில் போய்வந்து குடும்பத்தைத் தாங்கினாள். படிப்பு முடிகிறவரை மகளை எதுவும் கேட்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். முடிந்த மறுநாளுக்கும் ஏற்பாடு செய்திருந்தாள். தன் பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் வேண்டும் என்று ஜீப்காரரிடம் சொல்லிவைத்திருந்தாள். இதை அனுசுயாவே சாராளிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாராள் சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை மைதானம் மூன்றரை மணிக்கே பாதி நிறைந்துவிட்டது. சவுக்குக் கம்புகளால் கட்டிய படி வரிசைகளில் தோட்டத்துப் பெண்கள் தூக்குவாளிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சுண்டலும் பருத்திப்பாலும் விற்றன. ஜீப்புகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே நுழைந்து மேற்கு ஓரத்தில் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொரு ஜீப் நுழையும்போதும் மதன்குமார் தாமே போய் இடம் காட்டினார். உரக்கடைக்காரர் தம் தட்டியின் அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மண்டலத்தின் மறு கோடியிலிருந்து வந்திருந்த எதிரணியின் பொறுப்பாளர் ஞானசிகாமணி. சாராளுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேல் பழக்கம். சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொள்பவர். நடுவரோடு வாதாடியே அறியாதவர். தம் வீராங்கனை தள்ளினால் எதிரணிக்கு முன்பாகத் தாமே கையை உயர்த்துகிறவர். அன்றும் வந்தவுடன் மைதானத்தை ஒரு சுற்று நடந்து பார்த்து, கோடுகள் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

நான்கு மணிக்கு நடுவர் மையத்துக்கு வந்தார். அப்போது மதன்குமார் சாராளை ஓரமாக அழைத்தார். இன்னும் மூன்று ஜீப்புகள் வரவேண்டும் என்றார். சுருளிப்பட்டி வண்டிகள். மூன்றும் வந்தால் தெற்குப் படிகளும் நிறைந்துவிடும். இல்லையென்றால் காலிப் படிக்கு முன்னால்தான் மண்டபக்காரரின் தட்டி நிற்கும். பத்து நிமிடம் பொறுத்தால் போதும். சாராள் தம் நிபந்தனையை நினைவூட்டினார். நினைவிருக்கிறது என்றார் மதன்குமார். நினைவிருப்பதால்தான் கேட்கிறேன் என்றார். முடியாது என்று சாராள் சொல்லிவிட்டுத் திரும்பினார். அத்துடன் அது முடிந்திருக்கவேண்டும்.

அனுசுயா பின்னால் நின்றுகொண்டிருந்தாள். காலணிக் கயிற்றை ஏற்கெனவே கட்டியிருந்தவள், குனிந்து மீண்டும் அவிழ்த்துக் கட்டினாள்.

“அந்த வண்டியிலதான் எங்காத்தா வருது, மேடம்.”

சாராள் திரும்பிப் பார்த்தார்.

“மெட்டுல மஞ்சு எறங்கிருச்சாம். லைட்டப் போட்டுக்கிட்டு ஊந்துதான் வாராகளாம். இப்பத்தான் போன் பேசுனேன்.” நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள். “நான் வெளாண்டு அது ஒருக்காகூடப் பாத்ததில்ல. அதுக்குத்தான் கேக்குறேன். வேணாம்னா வேணாம் மேடம்.”

மூன்று ஆண்டுகளில் அவள் எதையும் கேட்டதில்லை. காலணி கிழிந்தபோதுகூடக் கோல்காப்பாளர் உமாதேவிதான் வந்து சொன்னாள். சாராள் மேற்கே மெட்டைப் பார்த்தார். உச்சி தெரியவில்லை, வெண்ணிற மூடுபனி அங்கே அமர்ந்திருந்தது. ஜீப்புகள் தாமதமாவதற்கு அது போதுமான காரணம் என்று மட்டுமே அவருக்குத் தோன்றியது.

இரு அணிகளும் சம்மதித்தால் அரைமணி நேரம்வரை காத்திருக்க விதி இடம் கொடுத்தது. அவர் ஞானசிகாமணியிடம் போய், ஓர் ஆட்டக்காரியின் தாய் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லிக் கேட்டார்.

“மைதானம் ஒங்களுது, வெளிச்சமும் ஒங்களுது. நீங்க சொன்னாச் சரி, மேடம்,” என்றார் அவர்.

மரியாதைக்காகச் சொன்னதுதான். அதில் வேறொன்றும் இல்லை.

பத்து நிமிடம் இருபதைத் தாண்டியது. மூன்று ஜீப்புகளும் முன்விளக்குகள் எரிய ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசி ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து இறங்கிய கருத்தம்மாள், சேலைக்கு மேல் போட்டிருந்த ஆண்பிள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து இடுக்கிக்கொண்டு, எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றாள். யாரோ கைகாட்ட, தெற்குப் படியின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். அனுசுயா மைதானத்தின் நடுவிலிருந்து அதைப் பார்த்தாள். நடுவர் ஊதினார். தெற்குப் படிகள் நிறைந்திருந்தன.

முதல் பாதியில் இரண்டு அணிகளும் கோல் போடவில்லை. எதிரணி வலுவானது, பந்தைத் தரையோடு தரையாக நகர்த்தி, சாராளின் பெண்களை ஓடவைத்துக் களைக்கப் பார்த்தது. படிகளில் இருந்தவர்களுக்கு விதிகள் தெரியாது. யார் விழுந்தாலும் உச்சுக்கொட்டினார்கள்; யார் ஓடினாலும் கை தட்டினார்கள். எதிரணிப் பெண்களுக்கும் சுண்டல் நீட்டினார்கள். இடைவேளையில் சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. வழக்கம்தானே என்று ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிச் சிறிது நேரத்தில், பெனால்டி கட்டத்துக்கு வெளியே கிடைத்த தனி அடியை அனுசுயா எடுத்தாள். எதிரணித் தடுப்புச் சுவரின் வலப்பக்கம் வெளியே போவதுபோலக் கிளம்பிய பந்து, போகும் வழியில் மனம் மாறியதுபோல உள்ளே வளைந்து கம்பத்தின் உட்புறத்தில் பட்டு வலைக்குள் விழுந்தது. படிகள் மொத்தமாக எழுந்தன. ஜீப்புகள் ஹாரன் அடித்தன. கருத்தம்மாளும் எழுந்தாள், எதற்கு என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மற்றவர்கள் உட்கார்ந்த பிறகும் நின்றுகொண்டிருந்தாள்.

அந்த ஆரவாரம் அடங்கிய பிறகுதான் சாராள் கிழக்கே திரும்பினார். மேகமலை இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மெட்டில் இறங்கிய மஞ்சு அங்கேயே நிற்கவில்லை. அவர்கள் ஜீப்புக்காக மேற்கையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது பள்ளத்தாக்கின் மேல் பரவி, கிழக்கு மலையின் சரிவுகளைச் சாம்பலாக மூடியிருந்தது. திருப்பித் தர அங்கே வெயில் இல்லை. தினந்தோறும் அந்த நேரத்தில் மைதானத்தின்மேல் விழும் செம்பு நிறம் அன்று விழவே இல்லை. முதலில் கோடுகள் மங்கின. அதன்பின் தூரத்துப் பெண்களின் சட்டை எண்கள்.

எதிரணி அடித்த நீண்ட பந்து ஒன்று உமாதேவியின் தலைக்கு மேலாக வந்தது. அவள் அதைக் கண்டபோது அது கையருகே இருந்தது; தட்டி வெளியே தள்ளினாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். எதிரணியின் கோல்காப்பாளரிடம் போய்ப் பந்து தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றாள் அவள். உமாதேவியிடம் வந்து கேட்டார். நன்றாகத் தெரிகிறது என்றாள் உமாதேவி. நடுவர் வயதானவர்; பந்தை எடுத்துக்கொண்டு பெனால்டிப் புள்ளிக்குப் போய், அங்கிருந்து கையால் அவளை நோக்கி மெதுவாக எறிந்தார். பந்து அவள் தோளில் பட்டு விழுந்தது.

ஆட்டம் முடியப் பத்து நிமிடத்துக்குச் சற்று அதிகமாகவே இருந்தது.

மதன்குமார் ஓடிவந்தார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. மேற்கு ஓரத்தில் நின்ற ஜீப்புகளை மைதானத்தின் இருபுறமும் எல்லைக்கோட்டை ஒட்டி நிறுத்தி முன்விளக்குகளைப் போட்டால் மைதானம் பகல் ஆகிவிடும். ஓட்டுநர்கள் காத்திருந்தவர்கள்போல வண்டிகளைக் கிளப்பினார்கள். இஞ்சின்கள் உறும, விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. படிகளில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். இது அவர்கள் எதிர்பாராத கூடுதல் காட்சி. நடுவர் சிறிது யோசித்துவிட்டு, பார்க்கலாம் என்று ஊதினார்.

ஒரு நிமிடம் ஆடினார்கள். இடுப்பு உயரத்தில் இருபுறமிருந்தும் வந்த வெளிச்சம் பெண்களின் கண்களில் அடித்தது. ஒவ்வொருத்திக்கும் இரண்டு நெடிய நிழல்கள் முளைத்து ஒன்றையொன்று வெட்டின. இடுப்புக்கு மேலே எழும்பிய பந்து காணாமல் போய், விழுந்தபோது மட்டும் தோன்றியது. எதிரணியின் கோல்காப்பாளர் இரண்டு கைகளாலும் கண்களை மறைத்துக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே அசையாமல் நின்றாள். அனுசுயா மட்டும் பந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமலே ஓடிக்கொண்டிருந்தாள்.

நடுவர் நீளமாக ஊதினார். விதிப்படி அரைமணி நேரம் காத்திருந்தார்கள். அந்த அரைமணி நேரத்தில் இருட்டு முழுமையானது, வேறெதுவும் நடக்கவில்லை. ஆட்டம் கைவிடப்பட்டதாக நடுவர் அறிவித்தார்.

படிகளில் இருந்தவர்களுக்கு ஆட்டம் முடிந்துவிட்டது என்றே பட்டது. எழுந்து புடவையை உதறிக்கொண்டு, திருப்தியாக ஜீப்புகளுக்குப் போனார்கள். கருத்தம்மாள் மட்டும் எல்லைக்கோட்டைத் தாண்டலாமா கூடாதா என்று தெரியாமல் கோட்டுக்கு வெளியிலேயே நின்று மகளைக் கூப்பிட்டாள். தோட்டத்துக் கடையில் வாங்கிய பன் பொட்டலம் கையில் இருந்தது.

“ஜெயிச்சிட்டீகளா ஆத்தா?”

அனுசுயா பொட்டலத்தை வாங்கிக்கொண்டாள்.

“நாங்க ஒண்ணு, அவுக சைபர்,” என்றாள்.

“நீதான போட்ட?”

“ஆமா.”

“பாத்தேன்,” என்றாள் கருத்தம்மாள். “எல்லாரும் எந்திரிச்சாக.” ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அவள் சட்டையை மீண்டும் போட்டுக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள்.

விளையாட்டுப் பொருள் அறையில், பந்து வலைகளுக்கும் உயரத் தாண்டும் கம்பங்களுக்கும் நடுவே, ஞானசிகாமணி நின்றுகொண்டிருந்தார். நாற்காலி இருந்தும் உட்காரவில்லை. சாராள் கேட்கவேண்டியதைக் கேட்டார். நாளைக் காலையில் மீதி நிமிடங்களை ஆடலாம். அல்லது முழு ஆட்டத்தையும் மறுபடி ஆடலாம். அணிக்கு விடுதியில் இடமும் உணவும் தம் பொறுப்பு. இரு கல்லூரிகளும் சேர்ந்து கேட்டால் மண்டலச் செயலர் மறுக்கமாட்டார்.

ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றினார். வெளியே அவருடைய பெண்கள் வாளித் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

“அந்த விதிய நீங்க சொல்லையில நான் எதுத்தேன். ஞாபகம் இருக்கா மேடம்?”

“இருக்கிறது.”

“ஒங்க பிள்ள நல்லா ஆடுச்சு. நாங்க தோத்திருப்போம், அத நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.” கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். “ஆனா எங்கிட்டயும் நாலு பிள்ளைக கடைசி வருஷம். ஒருத்திக்கு அப்பா இல்ல. விதி குடுக்குறத, வேணாமுன்னு நான் எப்படி அதுககிட்டப் போயிச் சொல்றது? நீங்க என் எடத்துல இருந்தா சொல்லுவீகளா?”

சாராள் நேர்மையாக யோசித்தார். சொல்லமாட்டேன் என்றார். ஞானசிகாமணி தலையசைத்துவிட்டு, காத்திருக்கச் சம்மதித்தது தாம்தான் என்பதையும் தம் கடிதத்தில் எழுதிவிடுவதாகச் சொன்னார். எழுதவும் செய்தார். அதனால் எதுவும் மாறவில்லை. மதன்குமார் பல்கலைக்கழகத்தில் தமக்குத் தெரிந்த இருவரிடம் பேசினார். இருவரும் அந்த விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, இதை யார் எழுதியது, ஓட்டையே இல்லையே என்று கேட்டார்களாம்.

திங்கட்கிழமை முடிவு வந்தது. சாராள் பெண்களைக் கூட்டி, சுற்றி வளைக்காமல் சொன்னார். உமாதேவி, தான் நடுவர் எறிந்த அந்தப் பந்தைப் பிடித்திருக்கவேண்டும் என்றாள். அது ஆட்டத்தின் பந்து அல்ல என்று சாராள் விளக்கியும், பிடித்திருக்கவேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். கலைந்து போகும்போது அனுசுயா சாராளின் அருகில் வந்து நின்றாள். காத்திருக்கச் சொன்னது நான்தானே என்று கேட்கப்போகிறாள் என்று சாராள் எதிர்பார்த்தார். காத்திருந்தது நான்தான் என்ற பதிலையும் ஆயத்தமாக வைத்திருந்தார். அனுசுயா, அணித்தலைவியாகத் தன்னிடம் இருந்த விளையாட்டுப் பொருள் அறையின் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

மதன்குமார் உண்மையாகவே வருந்தினார். இரண்டு நாள் வருந்தினார். மூன்றாம் நாள் சாராளைத் தம் அறைக்கு அழைத்து உட்காரச் சொன்னார். கல்லூரி வரலாற்றில் இத்தனை பேர் ஒரு நிகழ்ச்சிக்கு வந்ததில்லை. ஜீப் விளக்குகளில் ஆடிய அந்த ஒரு நிமிடத்தை யாரோ படம் பிடித்து அனுப்ப, அது தேனி முதல் குமுளி வரை எல்லாருடைய கைப்பேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. உரக்கடைக்காரர் தாமாகவே வந்தார். ஏலக்காய் வியாபாரிகள் சங்கம் நான்கு விளக்குக் கம்பங்களுக்குப் பொறுப்பேற்றுக்கொண்டது. அணி தொடரும். இலவச இடங்கள் ஆறு அல்ல, இனி எட்டு.

“போன வருஷம் டீமைக் கலைக்கணுமுன்னு குழுவுல சொன்னாக, மேடம். இப்ப ஒருத்தர் வாயத் தொறக்கல,” என்றார். “தோத்தும் நாம தோக்கல, பாத்தீகளா?”

சாராள் நன்றி சொன்னார். அவர் கேட்டதெல்லாம், அவர் கேட்டதைவிட அதிகமாகவே, கிடைத்திருந்தது. எட்டு இடங்களில் எதுவும் ஏப்ரலில் படிப்பை முடிக்கும் ஒருத்திக்கு உரியது அல்ல.

விளக்குக் கம்பங்கள் அடுத்த ஆண்டு ஆவணியில் நடப்பட்டுக் கார்த்திகையில் தயாராயின. திறப்பு விழா ஒரு சனிக்கிழமை. சுவரொட்டியில் ஆட்டம் தொடங்கும் நேரத்தைப் போடவேண்டாம் என்று மதன்குமார் சொன்னார். விளக்கு வந்துவிட்ட பிறகு எத்தனை ஜீப்புகளுக்காக வேண்டுமானாலும் காத்திருக்கலாம் அல்லவா. விளக்கின் பொத்தானை அழுத்தச் சென்ற ஆண்டின் அணித்தலைவியை அழைக்கவேண்டும் என்பதும் அவருடைய யோசனைதான். நல்ல யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். சாராள் நேரில் போனார்.

சுருளிப்பட்டி முக்கில் விடியுமுன் ஜீப் நின்றுகொண்டிருந்தது. தலையில் துண்டு கட்டிய பெண்கள் பின்பக்கம் ஏறி, ஒருத்தி மடியில் ஒருத்தியாக அடைந்துகொண்டிருந்தார்கள். கருத்தம்மாள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். டீச்சரைக் கண்டு எழ முயன்றாள்; நெரிசலில் முடியவில்லை. அனுசுயா கீழே ஜீப்பின் படியில் ஒரு காலை வைத்து, அட்டைக்கடிக்காகச் சுண்ணாம்பும் புகையிலைத் தூளும் தடவிக்கொண்டிருந்தாள். தடவிய காலின்மேல் இழுத்துவிட்டாள், முழங்கால் வரை வரும் காலுறையை. கல்லூரி அணியின் நீல நிறக் காலுறை. மேலே ஆண்பிள்ளைச் சட்டை.

“அட்டைக்கு இதாம் மேடம் நல்லாருக்கு,” என்றாள், அவர் பார்ப்பதைப் பார்த்து. “உள்ள ஏறவே மாட்டேங்குது.”

சாராள் வந்த விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமை, மேடையில் இருக்கை, பொத்தானை அவள்தான் அழுத்தவேண்டும். அனுசுயா முழுவதையும் கேட்டாள். மறுக்கவில்லை. செயலருக்கு நன்றி சொல்லச் சொன்னாள். புதிய கோல்காப்பாளர் யார் என்று விசாரித்தாள். உமாதேவி திருப்பூருக்குப் போய்விட்டதை அவளே சொன்னாள்.

ஓட்டுநர் இஞ்சினைக் கிளப்பினார். கருத்தம்மாள் நீட்டிய கையைப் பிடித்து அனுசுயா உள்ளே ஏறி, தாயின் பக்கத்தில் இருந்த இடத்தில் ஒடுங்கிக்கொண்டாள். மேற்கே மெட்டில் இருட்டு இன்னும் விலகவில்லை.

“மஞ்சு எறங்குச்சுன்னா வண்டி எப்ப வருமுன்னு சொல்ல முடியாது மேடம்,” என்றாள். “எங்களுக்காகப் பாத்துக்கிட்டு இருக்காதீக. ஆரம்பிச்சிருங்க.”

ஜீப் புறப்பட்டது. முன்விளக்குகள் சுருளி சாலையைச் சிறிது தூரம் காட்டிவிட்டு, வளைவில் திரும்பின.